சிவந்த இலைகள்

கனடாவிலிருந்து வந்திருந்த மகளோடு ஒரு பெப்ரவரிக் காலையில் மாவனல்லையிலிருந்து காரில் புறப்பட்டு உதுவன்கந்தையில் ஏறினோம். 1864இல் தூக்கிலிடப்பட்ட சரதியேலும் மம்மாலி மரிக்காரும் ஒளிந்திருந்த மலை. பாதியில் மூச்சு வாங்க நின்றேன். கீழே இறப்பர்த் தோட்டம் சிவப்பும் மஞ்சளுமாய்க் கிடந்தது.

"வாப்பா, அங்க மேப்பிள் இலை பார்க்க மணிக்கணக்கா கார்ல போவோம். இது இங்கயே இருக்கே!"

1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த பிரேசில் மரம். குளிரில் அல்ல, தை மாசி வரட்சியில் இலை உதிர்க்கும். புதுத்துளிர் முற்றும்வரை பால் குறையும். பல தோட்டங்களில் வெட்டை நிறுத்துவார்கள், கூலியும் நின்றுவிடும்.

என் வாப்பாவுக்குத் தோட்டத்து முகப்பில் கடை இருந்தது. இலை சிவந்தால் கடன் கொப்பி தடிக்கும். அப்படியொரு மாசியில், வாப்பா லுஹருக்குப் போயிருந்த நேரம், பால் வெட்டும் அக்கா ஒருவர் ஒரு கொத்து அரிசி கேட்டார். பழைய பாக்கியைக் காட்டி, இல்லையென்றேன். எனக்குப் பன்னிரண்டு வயது.

திரும்பி வந்த வாப்பா ஏசவில்லை. இரண்டு கொத்து அளந்து என் தலையில் வைத்தார். லயம்வரை சருகுகளை மிதித்தபடி நடந்தேன். அக்கா பையை வாங்கிக்கொண்டு, "தேத்தண்ணி குடிக்கிறியா தம்பி?" என்று கேட்டார்.

மகள் படம் எடுத்து முடித்தாள். இறங்கும்போது இதைச் சொன்னேன்.