அன்றன்றைய தண்ணீர்

மே 5

கத்திரி பிறந்துவிட்டது. மொட்டை மாடிகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் குழந்தைகளுக்காகக் காற்றடித்த பிளாஸ்டிக் தொட்டிகளை விரிக்கும் காலம் இது. நிரப்பிய தண்ணீர் ஒரு வாரமாவது கெடாமலிருக்க எதைப் போடலாம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எதையும் போட வேண்டாம், மாலையில் கொட்டிவிடுங்கள் என்பதே என் பதில். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள பந்தய நீச்சல் குளம் 25 லட்சம் லிட்டர் கொள்ளும். அதில் வடிகட்டி ஓயாமல் ஓடும். 120 செ.மீ. விட்டமுள்ள தொட்டியில் 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் சுமார் 226 லிட்டர்தான். வியர்வை, தலையெண்ணெய், காலில் ஒட்டிய மண், சரியாகக் கால் கழுவாத குழந்தையின் மலத்துகள் எல்லாம் இந்தக் கொஞ்சத் தண்ணீரில்தான் கலக்கின்றன. அதையே பிள்ளைகள் விளையாட்டில் விழுங்கவும் செய்கிறார்கள். தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. வயிற்றுப்போக்கைத் தரும் கிருமிகள் தண்ணீரின் நிறத்தை மாற்றுவதில்லை.

மே 9

கிணற்றுக்கே ப்ளீச்சிங் பவுடர் போடுகிறோம், தொட்டிக்குப் போட்டால் என்ன என்று கேட்பது நியாயம்தான். கிணற்றில் மருந்திட்டால் அது வேலை செய்யும்வரை காத்திருந்து பிறகு இறைக்கிறோம். தொட்டியிலோ மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகள் அழுக்கைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். நீச்சல் குளங்களில் லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் குளோரின் எஞ்சி நிற்க வேண்டும் என்பது கணக்கு. 226 லிட்டருக்கு அது கால் கிராமுக்கும் குறைவு. 30 சதவீதம் குளோரின் உள்ள புதிய பவுடரில் முக்கால் கிராம், அதாவது ஒரு சிட்டிகை. பிரித்து வைத்த பாக்கெட்டில் வீரியம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. வெயிலும் வியர்வையும் சிறுநீரும் அந்தச் சிட்டிகையை விரைவில் தின்றுவிடும். பயந்து இன்னொரு கை அள்ளிப் போட்டால் கண்ணும் தோலும் எரியும். போதாததற்கு, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சரியான அளவு குளோரினிலும் 7 நாளுக்கு மேல் உயிரோடிருக்கும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சிறு தொட்டிகளைத் தினமும் காலி செய்து சுத்தம் செய்யவே சொல்கிறது. படிகாரம் கலங்கலைப் படியவைக்கும், கிருமியை ஒழிக்காது. வேப்பிலையையும் மஞ்சளையும் நம்பிப் பிள்ளையை இறக்கிவிடுவதும் சரியல்ல. வடிகட்டும் பம்புடன் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரிய தொட்டிகளின் கதை வேறு. அங்கே குளோரின் வேண்டும். அளவைச் சோதிக்கும் பட்டையும் கையில் இருக்க வேண்டும்.

மே 14

இந்த யோசனைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமானது தண்ணீர்ச் செலவு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற சென்னையில் தினம் 226 லிட்டரைக் கொட்டச் சொல்வது உறுத்தத்தான் செய்யும். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதே அரசின் திட்ட அளவு. ஆனால் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து அளைய 10 செ.மீ. போதும். அப்போது 113 லிட்டர், ஏழெட்டுக் குடம். மருந்து கலக்காத தண்ணீர் என்பதால் மாலையில் அதை அப்படியே வாழைக்கும் தென்னைக்கும் விடலாம், கழிப்பறைக்கும் ஊற்றலாம். செடிக்கு எப்படியும் இறைக்கப்போகிற தண்ணீரில் பிள்ளைகள் முதலில் விளையாடிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். செடியும் இல்லை, குடிக்கவே தட்டுப்பாடு என்கிற வீட்டில் தொட்டியை விரிக்காமலிருப்பதே சரி. அதற்காக ஒரே தண்ணீரை ஒரு வாரம் வைத்திருப்பதை நியாயப்படுத்த முடியாது.

மே 20

கொட்டுவதோடு வேலை முடியவில்லை. பிளாஸ்டிக் சுவரில் கை வைத்தால் வழவழவென்று வருவது கிருமிகளின் படலம். சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்தால்தான் போகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் உட்சுவரில் முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதம் தாங்கும். தண்ணீர் பட்டதும் பொரிந்து, 7 முதல் 10 நாளில் கொசுவாகும். தேய்க்காமல் மடித்துப் பரணில் போட்ட தொட்டி அடுத்த கோடைக்கு முட்டைகளோடுதான் இறங்கும். ஆகவே தேய்த்து, அலசி, கவிழ்த்து, மடிப்புகள் உட்பட வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். இறங்குமுன் பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். வயிற்றுப்போக்குள்ள பிள்ளையை, எவ்வளவு அழுதாலும், தொட்டியில் விடாதீர்கள். சாணளவு தண்ணீரிலும் குழந்தை மூழ்கிவிடும் என்பதால், தண்ணீர் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருங்கள்.