பாலத்தின் அக்கரையில் அண்ணன்

சிதம்பரத்தில் பேருந்து ஏறிக் காட்டுமன்னார்கோயிலில் இறங்கினால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இந்த வழியின் நடுவில்தான் எங்கள் குமராட்சி இருக்கிறது. அவ்வழியே நாள்தோறும் நம் கல்லூரிக்கு வந்துபோகும் மாணவ மாணவியர் சிலராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களை ஒன்று கேட்கிறேன். பேருந்தில் கால் வைக்கும்போது யாராவது உங்களை நிறுத்தி, "நீ யார்? உன் தொழில் என்ன? அந்த ஊரில் இறங்க அனுமதி உண்டா? இறங்கினால் திரும்பி வர அனுமதி உண்டா?" என்று கேட்டதுண்டா? நடத்துநர் கேட்பதெல்லாம் சில்லறை ஒன்றுதான். (மகளிரிடம் நகரப் பேருந்தில் 2021 முதல் அதையும் கேட்பதில்லை!) அதே 25 கிலோமீட்டரைக் கடக்க எனக்கு இரண்டரை ஆண்டு பிடித்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையில் அல்கோபர் என்றொரு நகரம். எதிரே கடலுக்குள் பஹ்ரைன் என்னும் தீவு நாடு. இரண்டையும் மன்னர் ஃபஹத் பாலம் இணைக்கிறது. 1986 நவம்பரில் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளமும் 25 கிலோமீட்டர்தான். பாலத்தின் நடுவே கடலைத் தூர்த்து ஒரு திட்டு அமைத்திருக்கிறார்கள். இரு நாட்டுக் குடிநுழைவுச் சாவடிகளும் சுங்கச் சாவடிகளும் அங்கேதான். 2015 ஆகஸ்டு முதல் நான் இக்கரையில் இருந்தேன். 2009 முதல் என் அண்ணன் அக்கரையில் இருந்தார். எங்களுக்குள் பேச்சு இல்லை.

ஏன் பேச்சில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பத்தாம் வகுப்பில் தவறியவர். கொத்து வேலை கற்றார். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று ஒரு குறி இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். அதற்காகச் சென்னைக்கு நான்கு முறை அலைந்து, பஹ்ரைனுக்குக் கொத்தனாராகப் போனார். அவர் அனுப்பிய பணத்தில்தான் நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.காம். முடித்தேன்.

2013 தை மாதம், அறுப்புக்குக் கதிர் சாய்ந்து நின்ற நேரம், அப்பா காலமானார். செய்தி சொன்னோம். அண்ணன், "வரேன்" என்றார். வரவில்லை. மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். பதினாறாம் நாள் கருமாதிக்காவது வருவார் என்று அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அண்ணனிடமிருந்து போன் வந்தது. பங்காளிகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் போனை வாங்கி, "பெத்த அப்பனுக்குக் கொள்ளி வைக்க வராதவன் இனிமே இந்த வீட்டுக்கு எதுக்கு?" என்று கேட்டேன். மறுமுனையில் பதில் இல்லை. அதற்குப் பிறகும் அம்மாவுக்கு மாதந்தோறும் பணம் வந்தது. மாசி மாதம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வந்தது. செய்த தவறு உறுத்துகிறது, அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பணத்தை எடுத்து வைத்துத்தான் எம்.ஃபில். கட்டணம் கட்டினேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

நிற்க. படிப்பு முடிந்து சிதம்பரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கும் வளைகுடா ஆசை வந்தது. எங்கள் பக்கத்தில் அது புதிதன்று. லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் கடல் கடந்து பிழைக்கப் போனவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஒரு முகவர் விசா கொண்டுவந்தார். அதில் என் தொழில் "ஆமில்" என்று அரபியில் இருந்தது. தொழிலாளி என்று பொருள். "அங்க போனா கணக்கு வேலதான் தம்பி. தாள்ல என்ன எழுதியிருந்தா என்ன?" என்றார் முகவர். எம்.காம்., எம்.ஃபில். படித்த நான் வாய் திறவாமல் கையெழுத்துப் போட்டேன்! வெளிநாட்டு வேலைக்கு எண்ணம் வைத்திருக்கும் மாணவத் தம்பிகளே, தாளில் உள்ள அந்த ஒரு சொல்தான் அங்கே நீங்கள். சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தச் சொல்லைப் பாருங்கள். முகவர் சொன்னது ஒரு வகையில் உண்மைதான். வேலை கணக்கு வேலையாகத்தான் இருந்தது. ஆனால் இக்காமா எனப்படும் குடியிருப்பு அட்டையில் நான் தொழிலாளி.

அங்கே போய்ச் சேர்ந்த ஆறாம் மாதம் என்று நினைவு. என் அறையில் ஐந்து பேர். அவர்களில் இராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவரின் தாயார் இறந்துவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்குச் செய்தி வந்தது. நாங்கள் எல்லாரும் பணம் போட்டு விமான டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டோம். ஆனால் அந்நாட்டில் வேலை செய்யும் வெளிநாட்டார் வெளியே போய்த் திரும்ப வேண்டுமென்றால் "எக்ஸிட் ரீஎன்ட்ரி" என்னும் அனுமதி வேண்டும். "ரீஎன்ட்ரி அடிச்சாச்சா?" என்பது அங்கே நலம் விசாரிப்பதைப் போல அன்றாடப் பேச்சு. அந்நாளில் அதை முதலாளிதான் எடுத்துத் தர முடியும். அவருடைய முதலாளி இக்காமாவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். இக்காமா காலாவதியானால் ரீஎன்ட்ரி அடிக்க முடியாது. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில். அதைத் தொழிலாளியிடமே கொடுத்துவிட வேண்டும் என்று அந்நாட்டு விதி சொல்கிறது. விதி எங்கே, பெட்டி எங்கே! அந்த மனிதர் இரண்டு நாள் அலுவலக வாசலில் நின்றார். மூன்றாம் நாள் வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பினார். கிளம்பும்போது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நான் சொன்னதும் சரிசெய்துகொண்டார். அவ்வளவுதான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கருமாதி அன்று நான் போனில் கேட்ட கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எண் என்னிடம் இருந்தது. பத்துப் பேர் நடுவில் சொன்ன சொல்லைப் போனில் திரும்ப எடுக்க முடியுமா? நேரில் பார்க்காமல் ஆகாது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் என் வீம்பும் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாவுக்கோ இதெல்லாம் புரியாது. லால்பேட்டைக்காரர் யாரோ ஒருவர் அம்மாவிடம் பாலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே பேச்சுத்தான். "ஏம்பா, கடல் மேல பஸ் போகுதாமே? காட்டுமன்னார்கோயில் போற தூரந்தானாமே? ஒரு எட்டுப் போய் அண்ணன பார்த்துட்டு வாயேன்பா."

பஸ் போனது உண்மைதான். வியாழக்கிழமை மாலையானால் வார விடுமுறைக்கு அக்கரை போகும் கார்கள் பாலத்தின் வாயில் வரிசை கட்டி நிற்பதை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். அண்ணன் இக்கரை வர வழியில்லை. சவூதி அரேபியா சுற்றுலா விசா என்பதையே 2019 செப்டம்பரில்தான் தொடங்கியது. அப்போதும் முதற்பட்டியலில் இருந்த 49 நாடுகளில் இந்தியா இல்லை. ஆகவே நான்தான் போக வேண்டும்.

முதலில் பாலத்துக்குப் போகும் ஓட்டுநர் ஒருவரிடம் விசாரித்தேன். அவர் என் இக்காமாவை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "ஆமிலா? நடுத்திட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துருவீங்க" என்றார். வளைகுடா நாடுகளில் குடியிருக்கும் வெளிநாட்டார் பக்கத்து நாட்டுக்குள் நுழைய அப்போது தொழிலைப் பார்த்துத்தான் விசா கொடுத்தார்கள். மருத்துவர், பொறியாளர், மேலாளர், கணக்கர் என்றால் வாசலிலேயே கிடைக்கும். தொழிலாளி என்றால் கிடைக்காது. வேலைக்கு வந்து தங்கிவிடுவான் என்று பயம் போலும். வேலை செய்யவே கூட்டிவந்தவனைப் பார்த்து, வேலைக்கு வந்துவிடுவானோ என்று அஞ்சுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆக, அண்ணனைப் பார்க்க வேண்டுமானால் நான் முதலில் கணக்கராக வேண்டும். தினமும் பத்து மணி நேரம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், கணக்கன்தான் என்று சான்று காட்ட வேண்டும். அம்மா பரணில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து என் பட்டச் சான்றிதழை எடுத்துக் கொடுக்க, சித்தப்பா மகன் அதைச் சுமந்தான். பல்கலைக்கழகம் அது உண்மைச் சான்றிதழ்தான் என்று உறுதி சொல்ல வேண்டும். பிறகு மாநில அரசின் முத்திரை. பிறகு டில்லியில் வெளியுறவுத் துறையின் முத்திரை. அதன்பின் சவூதித் தூதரகத்தின் முத்திரை. ஒவ்வொரு இடத்திலும் சான்றிதழின் முதுகில் ஒரு வட்டம் ஏறியது. கடைசியில் எனக்கு வந்து சேர்ந்தபோது முன்பக்கம் ஒரு பட்டம், பின்பக்கம் ஒரு கண்காட்சி! நான் படித்துப் பெற்ற பட்டம் அண்ணன் காசு. அந்தப் பட்டத்தைக் காட்டினால்தான் அண்ணனிடம் போகலாம். இதை அப்போது என் அறைக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்க முயன்றேன், முடியவில்லை.

எட்டு மாதம் கழித்து, 2018 சனவரியில், என் இக்காமாவில் "ஆமில்" போய் "முஹாஸிப்" வந்தது. கணக்கர். பிறகு ரீஎன்ட்ரி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்வரும் அனுமதிக்கு 200 ரியால் கட்டணம். பணம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றேன். மேலாளர், "இரண்டு நாளைக்காக 200 ரியாலா?" என்று வியந்து, மூன்று வாரம் கழித்துக் கையெழுத்திட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கையெழுத்திட்டாரே.

இன்று நிலைமை பல வகையில் மாறிவிட்டது. 2021 மார்ச்சு முதல் சவூதியில் தனியார் நிறுவனத் தொழிலாளர் ரீஎன்ட்ரியைத் தாமே இணையத்தில் எடுத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள்; வீட்டு வேலையாட்களுக்கும் வீட்டு ஓட்டுநர்களுக்கும் அந்தச் சீர்திருத்தம் பொருந்தவில்லை. 2022 டிசம்பர் முதல் அந்நாடு அப்போஸ்டில் உடன்பாட்டில் சேர்ந்துவிட்டதால் சான்றிதழ் தூதரகம் வரை ஊர்வலம் போகத் தேவையில்லை. 2023 மார்ச்சில், பக்கத்து வளைகுடா நாடுகளில் குடியிருப்போர் என்ன தொழில் செய்தாலும் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சவூதி அரசு அறிவித்தது. அதாவது என் அண்ணன், கொத்தனார் என்னும் அதே அட்டையுடன், அல்கோபருக்கு வந்து என்னைப் பார்க்கக் கேட்கலாம். நான்தான் அங்கே இல்லை. 2019இலேயே ஊர் திரும்பி, இப்போது உங்களுக்கு வணிகவியல் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

2018 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை இரவு பேருந்தில் ஏறினேன். அம்மா வாயிலாக அண்ணனுக்குச் செய்தி போயிருந்தது. நடுத்திட்டில் எல்லாரையும் இறக்கினார்கள். முதல் சாவடியில் வெளியேறும் முத்திரை. அடுத்த நாட்டுச் சாவடியில் ஓர் இளைஞர் என் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "முஹாஸிப்?" என்றார். "ஆமாம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். ஐந்து தினார் வாங்கிக்கொண்டு முத்திரை குத்தினார். எனக்கு வியர்த்திருந்தது. பேருந்து மறுபடி நகர்ந்தபோது இரு பக்கமும் கடல் கருப்பாகக் கிடந்தது. மழைக்காலத்தில் இரவில் வீராணம் ஏரிக்கரை மேல் போவதைப் போல இருந்தது.

மனாமாவில் பேருந்து நின்ற இடத்தில் அண்ணன் நின்றிருந்தார். முன் தலையில் முடி இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் எனக்கென்று வாங்கிய புதுக் கைலி. "சாப்பிட்டியாடா?" என்றார். நான், "இல்லண்ணே" என்றேன். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு நாங்கள் பேசிய முதற்பேச்சு இதுதான்.

அவருடைய அறையில் மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்து, மற்றவர்கள் படுத்த பிறகு, மொட்டை மாடிக்குப் போனோம். கேட்க வேண்டியதை எப்படியோ கேட்டுவிட்டேன். அண்ணன் வெகு நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்போர்ட்டு ஆபீசுல இருந்துச்சு. ஆளு ஊருக்குப் போயிருக்காரு, சாவி அவர்ட்ட இருக்குன்னாங்க. டிக்கெட்டுகூட எடுத்து வச்சிருந்தேன். பாஸ்போர்ட்டு கைக்கு வந்தது பதினெட்டாம் நாளு. கருமாதி முடிஞ்சு ரெண்டு நாளு கழிச்சு."

"ஏண்ணே சொல்லல?"

"நீ அன்னிக்கு அப்படிக் கேட்டுட்ட. அப்பறம் என்னத்தச் சொல்றது. டிக்கெட்டுக் காசுல பாதி திரும்பி வந்துச்சு. அதையும் சேத்துத்தான் அந்த மாசம் அனுப்பினேன்."

நான் எம்.ஃபில். கட்டிய பணம் அது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் அதற்குள் போனை எடுத்து ஊருக்குப் போட்டுவிட்டார். குமராட்சியில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. இரண்டு மணி அடித்ததுமே அம்மா எடுத்தார், தூங்கியிருக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணாவா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அழுகிறாரோ என்று நாங்கள் இருவரும் போனருகே குனிந்தோம்.

"நாந்தான் அப்பவே சொன்னேனே, பஸ்சு போகுதுன்னு!" என்றார் அம்மா.