தறிக்குழியை மூடலாமா?



எடப்பாடியில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டைச் சரிசெய்யப் போவதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் ஒரு மாணவர், "சார், பேஸ்மென்ட்டையும் ஒரு அறையாக மாற்றிவிடுங்கள்" என்றார். அவர் ஊரில் அது பூமிக்கு அடியில் இருக்கும் அறை. நம் கொத்தனார் சொல்லும் பேஸ்மட்டமோ பூமிக்கு மேலே வீட்டைத் தூக்கி நிறுத்துவது. ஒரே சொல், நேர் எதிர்ப் பொருள்!

எங்கள் வீட்டில் தரைக்குக் கீழே இருப்பது தறிக்குழி ஒன்றுதான். ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி ஆழம். இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: நெய்பவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிப்பார். கை நாடாவை ஓட்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் பருத்தி நூல் காய்ந்தால் படபடவென்று அறுந்துபோகும். குழியின் ஈரம்தான் பாவைக் காப்பாற்றும். நூலுக்கு நல்லது. காலுக்கு?

அப்பா பகலில் நெய்வார். அம்மா வீட்டு வேலை முடித்து ராத்திரி இறங்குவார். அந்தக் கூலியில்தான் நான் பி.எட். வரை படித்தேன். தெருவில் விசைத்தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் பல வருடம் எங்கள் தறி ஓடியது.

இப்போது சிக்கல் ஓதம். சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஏறிவிட்டது. மழைக்காலத்தில் குழியில் கணுக்கால் அளவு தண்ணீர். குழிதான் காரணம் என்கிறார்கள் பையன்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போவோம். தார் மேல் தார் போட்டு, இன்று ரோடு எங்கள் வாசற்படியைவிட அரையடி உயரத்தில் நிற்கிறது. தெருத் தண்ணீர் வேறு எங்கே போகும்? பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஊர்களுக்கும் அறிவுறுத்தினார். எங்கள் தெரு அதற்கு முன்பே உயர்ந்துவிட்டது.

கணக்கு வாத்தியார் கணக்குப் போடாமல் இருப்பேனா? குழியை மூட 37.5 கன அடி, அதாவது அரை யூனிட் மண்கூட வேண்டாம். தரை முழுவதையும் இரண்டடி உயர்த்த, 600 சதுர அடிக்கு 12 யூனிட் மண். ஆனால் ஆறடிக் கதவு நாலடி ஆகிவிடும், எல்லோரும் குனிந்தே நடமாட வேண்டியதுதான். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கலாமா என்று எஞ்சினியராக இருக்கும் மாணவனிடம் கேட்டேன். மண் சாந்தில் கட்டிய சுவர் தாங்காது என்றான். சிமென்ட் பூச்சும் வேண்டாம், ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் மேலே ஏறும், சுண்ணாம்புப் பூச்சுதான் மூச்சு விடும் என்றான். வாசலில் குறுக்கே ஒரு வடிகால், மூன்றடி வரை பூச்சைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பு, இவ்வளவுதான் திட்டம்.

குழியை மட்டும் செங்கல் கட்டி, மேலே கண்ணாடி பதித்து, பேரப்பிள்ளைகள் பார்க்க வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அம்மாவிடம் சொன்னேன். 86 வயது. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "குழி என்ன கோயிலா கண்ணு? அந்த ஈரத்துல நாப்பது வருசம் கால வெச்சிருந்தவ நானு. மூடிப்போட்டு எனக்கு நாற்காலி மாதிரி உக்கார்ற கக்கூஸ் ஒண்ணு கட்டிக் குடு" என்றார்.

அதன்பின் நான் கண்ணாடிப் பேச்சை எடுக்கவில்லை. கழிப்பறை அந்த மூலையிலேயே வருகிறது. கைப்பிடிக் கம்பி இரண்டு பக்கமும், வழுக்காத டைல்ஸ், நடையிலிருந்து படியே இல்லாமல் ஒரே மட்டமாக. மிதிகட்டையும் நாடாவும் பரணில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தை பிறந்ததும் வேலை ஆரம்பம். பக்கத்துச் சங்ககிரியில் சுண்ணாம்புக்கல் சுரங்கமே இருக்கிறது, ஆனால் சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார்தான் அகப்படவில்லை. ஓமலூர், தாரமங்கலம், குமாரபாளையம் பக்கம் யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள். கூலி முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.