செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில்

ஜூன் 10

டாக்டரல் கமிட்டி மீட்டிங் முடிந்தது, தலைப்புக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் கண்ணில் பட்ட குறையை எப்போது சொல்கிறார்கள், எப்போது சொல்லாமல் விடுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. கமிட்டியில் ஒரு பேராசிரியர், "இது எச்.ஆர். பாக்குற விஷயமாச்சேம்மா, சைக்காலஜி இதுல எங்க வருது?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். ஏமி எட்மண்ட்சன் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் செய்த ஆய்வைச் சொன்னேன். ஒற்றுமையான நர்ஸ் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் அவர் இறங்கினார். கணக்கைப் பார்த்தால் அங்கேதான் அதிகம். அந்தக் குழுக்களில் தவறு நடந்தால் மறைக்காமல் சொல்கிறார்கள், அதனால்தான் எண்ணிக்கை கூடுகிறது என்று கண்டார். வாய் திறந்தால் நமக்குக் கெடுதல் வராது என்ற நம்பிக்கைக்கு அவர் வைத்த பெயர் 'உளவியல் பாதுகாப்பு', அதைப் பற்றி 1999இல் அவர் எழுதிய கட்டுரைக்கு வித்து இதுதான். நடந்த தவறு ஒரு கணக்கு, சொன்ன தவறு இன்னொரு கணக்கு, இரண்டுக்கும் இடையில் இருப்பது மனசு, சைக்காலஜி அங்கேதான் சார் வருது என்றேன். பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

ஜூன் 16

கோர்ஸ் வொர்க்கில் ஹாதார்ன் ஆய்வுகள் மனப்பாடமே ஆகிவிட்டன. சிகாகோ பக்கத்து ஆலை, 1924இல் தொடங்கிய வெளிச்சச் சோதனை, ரிலே பூட்டிய ஐந்து பெண்கள், எல்டன் மேயோ, எல்லாம் தேர்வில் வரும். அகமதாபாத் பஞ்சாலையில் நடந்த ஆய்வு வருவதில்லை. இன்று முழுக்க அதைத்தான் படித்தேன்.

1953இல் லண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு வருகிறார். தானியங்கித் தறி போட்டும் உற்பத்தியும் தரமும் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. 224 தறி ஓடும் கொட்டகையில் ஆளாளுக்கு ஒரு துண்டு வேலை. நெய்கிறவர் ஒருவர், தார் போடுகிறவர் ஒருவர், அறுந்த இழையை முடிகிறவர் ஒருவர், எண்ணெய் விடுகிறவர் இன்னொருவர். ஒரே ஆள் பல நெசவாளிகளுக்குப் பாதிப் பாதியாக உதவுவார், யாருக்கும் முழுதாகச் சொந்தமில்லை. இத்தனை தறிக்கு இந்தக் குழுதான் பொறுப்பு என்று வைத்துப் பார்க்கலாமே என்றார் ரைஸ். அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். யார் யாரோடு சேர்வது என்று தொழிலாளிகளே பேசிக் குழு பிரித்துக்கொண்டார்கள். உற்பத்தி ஏறியது, சேதத் துணி குறைந்தது. 1970இல் எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தபோது சில இடங்களில் அந்த முறை கலைந்துபோயிருந்தது, ஓரிடத்தில் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

அதே ஊரில் அட்டிரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் உளவியல் பிரிவை நடத்திய கமலா சௌத்ரியைப் பற்றியும் படித்தேன். மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கிவந்து, பஞ்சாலைகளுக்குள் போய்த் தொழிலாளர் மனநிலையை ஆராய்ந்தவர். பிறகு ஐ.ஐ.எம். அகமதாபாத்தின் முதல் ஆசிரியர்களில் ஒருவர். இந்தத் துறையில் நமக்கு முன்னோடி யாருமில்லை என்று இனி யார் சொன்னாலும் என்னால் சும்மா இருக்க முடியாது.

ஜூன் 24

பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் அனுமதி கேட்டுப் போனேன். ஃபேக்டரி மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார், காபி வரவழைத்தார். கடைசியில், "எல்லாம் பண்ணுங்க மேடம், ஃபார்ம்ல பேரும் டோக்கன் நம்பரும் இருக்கணும், ஒரு செட் எங்களுக்கும் வேணும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். யார் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும் என்றார்.

முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். 'உங்கள் பதில் வேறு யார் கைக்கும் போகாது' என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நெறிமுறைக் குழு கேட்டதற்காக எழுதிய வரி இல்லை அது. இந்தத் துறையில் கதவைத் திறந்துவிடுவது நிர்வாகம், உள்ளே போய் நாம் கேட்பது தொழிலாளியிடம். திறந்துவிட்டவருக்கு நன்றிக்கடனாக உள்ளே இருப்பவரைக் காட்டிக்கொடுத்தால் அப்புறம் என்ன ஆய்வு? கைடு மேடத்திடம் சொன்னேன். "வேற கம்பெனி பாத்துக்கலாம், விடு" என்றார்.

ஜூலை 6

வேறொரு நடுத்தர கம்பெனியில் அனுமதி கிடைத்தது, பெயர் கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் படிவம் கொடுத்தேன். சூப்பர்வைசர் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். முதல் விடையிலிருந்து கடைசி விடைவரை ஒரே கட்டத்தில் டிக். 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.'

படிவத்தில் இருந்த எட்மண்ட்சனின் அளவுகோலில் ஏழு வாசகங்கள், அவற்றில் மூன்று தலைகீழாக எழுதப்பட்டவை. நேர் வாசகத்துக்கும் தலைகீழ் வாசகத்துக்கும் ஒருவர் ஒரே மாதிரி ஆமாம் போட முடியாது. இங்கே போட்டிருந்தார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

பதினைந்து வருஷமாகச் செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவரை அவர் குடியிருக்கும் காம்பவுண்டிலேயே போய்ப் பார்த்தேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய மறுநாள், ஒன்றரை ஷிப்ட் ஓட்டிய களைப்பு. ஆனாலும் பேசினார். டேபிளில் பீஸை எப்படிப் போடுவது, உள்பக்கம் திருப்பி ஓவர்லாக் தையலை எப்படி விரலால் ஓட்டிப் பார்ப்பது என்று தன் பாவாடை விளிம்பிலேயே செய்து காட்டினார். ஸ்கிப் ஸ்டிச் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரியுமாம். தெரிந்ததும் ஆரோ ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும், நோட்டில் ஏறும்.

"எல்லாத்தையும் ஒட்டீருவீங்களாக்கா?"

"ஒண்ணு ரெண்டுன்னா ஒட்டமாட்டங் கண்ணு. அந்தப் புள்ளைக்குப் பீஸ் ரேட்டு. திரும்பிப் போனா அவளே பிரிச்சுத் தெக்கோணும், அதுக்குக் காசு கெடையாது. எந்திரிச்சுப் போயி, 'நூல் லூசா வருது, மிசினப் பாரு'ன்னு அவ காதோட சொல்லீருவேன். அடுத்த பீஸு சரியா வந்துரும்."

வீடு வந்தும் இதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனி நோட்டைப் பார்த்தால் அந்த அக்கா எதுவும் சொல்லாதவர். நான் வாசித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை மௌனத்துக்குக் காரணம் தேடும்போது மேலே இருப்பவர் மீதுள்ள பயத்தைப் பார்க்கின்றன. இங்கே பக்கத்தில் இருப்பவர் மீதுள்ள கரிசனம் இருக்கிறது. குறையும் சரியாகிவிடுகிறது. லைனில் தினமும் நடக்கும் இந்தப் பேச்சு எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை.

ஜூலை 22

புள்ளியியல் பார்த்துக்கொடுக்கும் நண்பர் அழைத்தார். கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா 0.7க்குக் கீழே நிற்கிறது. "அந்த மூணு தலைகீழ் கேள்வியையும் தூக்கிடுங்க, தானா ஏறிடும்" என்றார். ஏறும்தான். பலர் செய்வதும் அதுதான். ஆனால் அந்த மூன்றையும் எடுத்தால் மிஞ்சுவது, கதவருகே ஆள் நிற்கும்போது எவ்வளவு பேர் தலையாட்டுவார்கள் என்ற அளவு. அதற்கு உளவியல் பாதுகாப்பு என்று பெயர் வைத்து ஆய்வேட்டில் அச்சடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகஸ்ட் 5

கைடு மேடத்தோடு இரண்டு மணி நேரம். திட்டத்தை மாற்றுகிறோம். முதலில் நேர்காணல், கம்பெனிக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமைகளில். செக்கிங்காரர்கள், டெய்லர்கள், லைன் சூப்பர்வைசர்கள் மூன்று தரப்பும். அவர்கள் சொல்வதிலிருந்து வாசகங்களை எடுத்து, மேலே சொல்வதற்கும் பக்கத்தில் சொல்வதற்கும் தனித்தனி அளவுகோல். ஒடிசா, பீகார்க்காரர்கள் இருக்கும் லைன்களில் காதோடு சொல்ல மொழி வேண்டும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு வருஷம் கூடுதலாகும். யு.ஜி.சி. 2022 விதிமுறையில் ஆறு வருஷம் வரை இடமிருக்கிறது. உதவித்தொகை இல்லாத எனக்கு அந்த ஒரு வருஷம் கனமானதுதான், வீட்டில் பேசிவிட்டேன்.

வரும் ஞாயிறு முதல் டெய்லர் நேர்காணல். செக்கிங்கிலிருந்து ஒருவர் எழுந்து வந்து காதோடு சொல்லும்போது அவர்களுக்கு எப்படி இருக்கிறது, நோட்டில் ஏறினால் எப்படி இருக்கிறது, எத்தனை தடவைக்கு மேல் போனால் அந்தச் சலுகை நின்றுவிடும். இந்த மூன்றையும் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.