கணக்கில் தவறில்லை

நான் காட்டிய கணக்கில் ஒரு ரூபாய்கூட இடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெருமையில்தான் எல்லாம் கெட்டது.

எங்கள் ஃபிளாட்ஸ் அசோசியேஷனுக்கு அப்போது நான் பொருளாளர். 2023 ஏப்ரலில் ஆண்டுக் கணக்கை எல்லா வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். வங்கியின் தளத்திலிருந்து ஸ்டேட்மென்ட்டை பி.டி.எஃப். ஆக இறக்கி அனுப்பினாலே போதும். முதல் மாடியில் இருக்கும் ஐ.டி. இளைஞர் அதைத்தான் சொன்னார். எனக்கு அது போதவில்லை. லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி, ஜெனரேட்டருக்கு டீசல் என்று ஒவ்வொரு செலவையும் திரையோடு எடுத்துக் காட்டி, சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் விளக்கம் எழுத ஆசைப்பட்டேன். யாரும் கேட்கவில்லை. எனக்குப் பாராட்டு வேண்டியிருந்தது.

வீட்டில் இருப்பது விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். பிரின்ட் ஸ்கிரீன் பொத்தானை அழுத்தினால் திரையில் இருப்பது மொத்தமும் கிளிப்போர்டுக்குப் போகும். வேர்டைத் திறந்து கன்ட்ரோல்-வி. வேண்டாததை கிராப் செய்துவிட்டு அடுத்த படம். ஆல்ட்டோடு சேர்த்து அழுத்தியிருந்தால் நான் பார்த்துக்கொண்டிருந்த விண்டோ மட்டும் வந்திருக்கும். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தியிருந்தால் வேண்டிய இடத்தை மட்டும் கட்டம் கட்டி எடுத்திருக்கலாம். இரண்டும் எனக்குத் தெரியும். பிறருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அன்று அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

திரையின் இடது பாதியில் வங்கிக் கணக்கு இருந்தது. வலது பாதியில் வாட்ஸ்அப் வெப். அதில் இரண்டாம் மாடிப் பெண்மணி எனக்கு அனுப்பிய செய்தி திறந்து கிடந்தது. கணவருக்கு வேலை போய்விட்டது, மெயின்டெனன்ஸ் கட்ட இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று எழுதியிருந்தார். கடைசி வரி இது: "அத்தைக்கு இன்னும் தெரியாது அண்ணா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அது ஏன் திறந்து கிடந்தது? "பரவாயில்லம்மா, மெதுவா குடுங்க" என்று முதல் நாளே பதில் போட்டு மூடியிருக்கலாம். நான் சிக்கனம், சேமிப்பு, வேலை தேடும் வழி என்று நீட்டி முழக்கி அறிவுரை எழுதிக்கொண்டிருந்தேன். அது பாதியில் நின்றிருந்தது. ஒரு குடும்பத்தின் கஷ்டம் எனக்கு மட்டும் தெரியும் என்பதில் ஒரு சுகம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

படத்தை வேர்டில் ஒட்டினேன். வலது ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினேன். செய்தி கண்ணிலிருந்து மறைந்தது. ஒழிந்தது என்று நினைத்தேன். ஆனால் வேர்டு கிராப் செய்யும்போது காகிதத்தைக் கத்தரிப்பதில்லை, மடித்துப் பின்னால் செருகுகிறது. முழுப் படமும் கோப்புக்குள்ளேயே இருக்கும். படத்தைத் தட்டி மறுபடி கிராப்பை அழுத்தினால், மறைந்த பகுதி சாம்பல் நிறத்தில் எழுந்து வரும். அடியோடு நீக்க வேண்டுமென்றால் கம்ப்ரெஸ் பிக்சர்ஸ் என்ற இடத்துக்குப் போய், வெட்டிய பகுதிகளை அழிக்கச் சொல்லி டிக் போட்டு, பிறகு கோப்பைச் சேமிக்க வேண்டும். இது குறையல்ல. மனம் மாறினால் பழைய படத்தை மீட்டுக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே வைத்த வசதி. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியாதது இருக்கக்கூடும் என்றே தோன்றவில்லை. கோப்பை அப்படியே அசோசியேஷன் குரூப்பில் போட்டேன்.

மூன்றாம் மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். எண்கள் பொடியாக இருக்கின்றன, பெரிதாக்கிக் காட்டு என்றார் அவன் அப்பா. அவன் படத்தைத் தட்டினான், இழுத்தான், கிராப்பைத் தொட்டான். வாட்ஸ்அப் எழுந்து வந்தது. அப்பாவிடம் காட்டினான். அவர் இன்னொருவரிடம் சொன்னார். மறுநாள் காலை காய்கறி வண்டி அருகே, "உங்க பையனுக்கு வேலை போயிடுச்சாமே?" என்று ஒரு அம்மா அந்த மாமியாரிடமே கேட்டுவிட்டார். மகன் அன்றும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போவதுபோல் கிளம்பியிருந்தான்.

இதுவரை நடந்தது அஜாக்கிரதை. இனி வருவது நான் யோசித்துச் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூட்டினார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2023 மார்ச்சில், கம்ப்யூட்டர் உலகில் ஒரு செய்தி பரவியிருந்தது. கூகுள் பிக்சல் போனின் மார்க்கப் கருவியிலும், விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும், விண்டோஸ் 10-இன் ஸ்னிப் அண்ட் ஸ்கெட்சிலும் ஓர் ஓட்டை. வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே சேமித்தால், பழைய படத்தின் மிச்சம் கோப்பின் கடைசியில் தங்கிவிடும். வெட்டியதில் ஒரு பகுதியை அதிலிருந்து மீட்க முடியும். அக்ரோப்பலிப்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த மாதமே திருத்தமும் வந்துவிட்டது. நான் அந்தக் கருவிகளைத் தொடவே இல்லை. என் தப்புக்கும் அந்த ஓட்டைக்கும் சம்பந்தமே கிடையாது. கூட்டத்துக்கு முந்தின இரவு உட்கார்ந்து படித்து, சம்பந்தமில்லை என்று தெளிவாகத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட பிறகு எழுந்து நின்று சொன்னேன்: "இது உலகம் முழுக்க வந்திருக்கிற பிரச்சினை. விஷயம் தெரிஞ்சவங்க யாரோ தோண்டி எடுத்திருக்காங்க."

யாரோ என்றேன். எல்லாத் தலையும் அந்தப் பையன் பக்கம் திரும்பியது. "சின்னப் பசங்க கையில கம்ப்யூட்டரைக் குடுத்தா இப்படித்தான்" என்றார் ஒருவர். அத்தனை பேர் முன்னால் அவன் அப்பா அவனை எழுப்பி நிறுத்தி, "ஹேக்கிங் பண்றியாடா?" என்று கத்தினார். "இல்லப்பா, பெருசு பண்ணத்தான் பார்த்தேன்" என்றான் பையன். அவன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அது எனக்குத் தெரியும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஐ.டி. இளைஞர் என்னையே பார்த்தார். வயதுக்கு மரியாதை கொடுத்து வாயைத் திறக்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கும் தவறவில்லை.

மாமியார் மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டார். வேலை இழந்தவர் லிஃப்டில் யாராவது இருந்தால் ஏறாமல் படியில் போக ஆரம்பித்தார். பையனுக்கு 'ஹேக்கர்' என்று பட்டப்பெயர். அந்தக் கோடை விடுமுறை முழுக்க அவன் லேப்டாப் அப்பாவின் பீரோவில் கிடந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆண்டும் என்னையே பொருளாளர் ஆக்கினார்கள்.

மனசாட்சி உறுத்தி நானாக வந்து ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மறு வருடம் பொதுக்கூட்டத்துக்கு முன்பு அந்த இளைஞர் வீட்டுக்கு வந்தார். "சார், போன வருஷ விஷயத்தை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். அதன்பிறகுதான் சொன்னேன். கூட்டத்தில் அந்தப் பையனின் பெயரைச் சொல்லி, அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை, நான் சொன்னது பொய் என்றேன். எழுதியும் கொடுத்தேன். பொறுப்பை விட்டேன். பையன் கூட்டத்துக்கு வரவில்லை. வருவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான்.

பிறகு இரண்டாம் மாடிக்குப் போனேன். அந்தப் பெண்மணி கதவைத் திறந்து, நிற்க வைத்தே கேட்டார். தெரியாமல் நடந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"தெரியாம நடந்ததை விடுங்க சார். அந்தப் பையன் அப்பாகிட்ட திட்டு வாங்கினப்ப நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.