மலைச்சுற்றும் அஸர் நேரமும்

மிதிவண்டியில் மலையைச் சுற்றி வரத் திட்டமிடுவோர் முதலில் ஏற்றத்தையும் தொலைவையும் கணக்கிடுவர். எங்கள் கணக்கு அஸர் நேரத்திலிருந்து தொடங்கிற்று.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி, உதகை சென்று, குன்னூர் வழியாக இறங்கித் திரும்பினால் ஏறக்குறைய 115 கிலோமீட்டர். எங்கள் மாலை மத்ரஸாவில் ஓதும் பெரிய மாணவர்கள் எட்டுப் பேர் இந்தச் சுற்றைத்தான் விரும்பினார்கள். உடன் செல்வோர் ஆசிரியர்களாகிய நாங்கள் இருவர். ஜனவரி இறுதியில் ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தோம். வெள்ளியன்று ஜும்ஆ உண்டு. ஞாயிறு மாலையிலோ சுற்றுலா வாகனங்கள் எல்லாம் ஒருசேரக் கீழிறங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இம்மலைச்சரிவை நம்ப இயலாது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் மண் சரிந்து உயிர்கள் பலியானதை இங்குள்ள பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். இவ்விரண்டுக்கும் இடையே 33 கிலோமீட்டர்தான். மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் என்று ஏறினாலே நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். குன்னூர்ச் சாலையில் போக்குவரத்து மிகுதி. நான்கு மணி நேரம் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் ஓரமாக ஊர்ந்து ஏறுவதைவிட, ஒன்றரை மணி நேரத்தில் அவ்வழியே இறங்குவது மேல் என்று முடிவு செய்தோம். கோடைக் காலத்தில் வாகனங்கள் குன்னூர் வழியே ஏறிக் கோத்தகிரி வழியே இறங்குமாறு ஒருவழிப் பாதை ஏற்படுத்துவார்கள்; அப்போது எங்கள் திசை எதிர்த்திசையாகிவிடும். குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு, பலாப்பழக் காலத்தில் அது கூடும். எனவே எந்த மாதமாயினும் விடியுமுன் அங்கே நுழைவதில்லை. சுப்ஹு தொழுது, வெளிச்சம் வந்த பிறகே கிளம்புவோம்.

“ஹஜ்ரத், 100 கிலோமீட்டரைத் தாண்டுகிறதே, கஸ்ர் செய்யலாம்தானே?” என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. பயணத் தொலைவு என்பது சென்று சேரும் இடம் வரையிலான தூரம். திரும்பி வரும் தூரம் அதில் சேராது. ஷாஃபிஈ, ஹனபி ஆகிய இரு மத்ஹபின் கணக்கும் 80 கிலோமீட்டரை ஒட்டியே அமைகிறது. வட்டமாகச் சுற்றும் நாங்களோ எந்த இடத்திலும் ஊரைவிட்டு அவ்வளவு தொலைவில் இருக்கப்போவதில்லை. ஆகவே லுஹரும் அஸரும் முழுமையாக நான்கு ரக்அத்துகள், அவற்றின் வேளையிலேயே. கால் வலியைக் காரணமாக்கிச் சலுகை தேட இடமில்லை.

இந்த முடிவுதான் உதகையைத் திட்டத்திலிருந்து நீக்கியது. கோத்தகிரியில் லுஹர் முடித்து உதகை சேரவே மாலை நான்காகும். குன்னூரிலிருந்து இறங்கும்போது இருட்டிவிடும், மஃக்ரிபும் மலைச்சாலையிலேயே வந்துவிடும். அந்த வளைவுகளில் இருட்டில் பிறர் பிள்ளைகளை இறக்குவது அமானிதத்துக்கு அடுக்காது. எல்லாரையும்விட வேகமாக ஏறக்கூடிய மாணவர் இரண்டு நாட்கள் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களைத் தம் கூட்டத்தாருக்கு இமாமாக நியமித்தபோது, அவர்களுள் பலவீனமானவரைக் கருத்தில் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அவருக்கு எடுத்துரைத்தோம். பிறகு அவரையே வரிசையின் கடைசியில் வருமாறு அமர்த்தினோம். பின்தங்குவோரை விடாமல் அழைத்துவரும் பொறுப்புக்குப் பலமுள்ளவர்தான் வேண்டும்.

இப்போதைய சுற்று ஏறத்தாழ 88 கிலோமீட்டர்: கோத்தகிரி, கட்டபெட்டு, குன்னூர். இடையில் தேயிலைத் தோட்டத்து மண்பாதை சில கிலோமீட்டர் வருகிறது. செம்மண்ணும் உருளைக் கற்களுமான அவ்வழியில் ஒல்லி டயர் உதவாது. மண்ணில் இறங்குமுன் காற்றைச் சற்றுக் குறைத்து, குன்னூரில் மறுபடியும் அடித்துக்கொள்ள வேண்டும். கைப்பம்பு இரண்டு எடுத்துச் செல்கிறோம்.

ஏறும்போது தக்பீரும் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்லி வந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பயிற்சியின்போது இதன் வேறொரு பயனையும் கண்டோம். தக்பீரை வாய்விட்டுச் சொல்ல மூச்சு இடம் தருகிறதென்றால் வேகம் சரி. சொல் பாதியில் அறுந்தால் கியரைக் குறைக்க வேண்டும். கடிகாரம் கட்டி இதயத்துடிப்பை எண்ணுவதைக் காட்டிலும் மாணவர்களுக்கு இது எளிதாக இருந்தது.

தண்ணீர்ப் புட்டி ஒவ்வொருவருக்கும் இரண்டு, எஃகில். நீலகிரியில் பிளாஸ்டிக் புட்டிகளுக்குத் தடை உண்டு. ஒன்று குடிக்க, மற்றொன்று உளூவுக்கு. நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் உளூ செய்தார்கள். பெரும்பாலோர் கணக்கில் அது ஒரு லிட்டருக்கும் குறைவு. மத்ரஸாக் குழாயடியில் பத்து லிட்டரைக் கொட்டும் நம் பிள்ளைகள் முக்கால் லிட்டரில் உளூ செய்து பழக ஒரு வாரமாயிற்று!

குன்னூரில் நான்கு மணியளவில் ஷாஃபிஈ மாணவர்கள் அஸர் தொழுவார்கள். ஹனபி மாணவர்களுக்கு வேளை ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழித்தே வரும். அதற்காக எல்லாரும் மேலேயே காத்திருந்தால் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே அவர்கள் இறங்கும் வழியில், பர்லியாற்றில் தொழுவார்கள். தொடர்ந்து பிடித்ததில் சூடேறிய பிரேக்குகள் ஆறவும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இரு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், முந்தக் கூடாது என்பது அமீரின் கட்டளை. அமீராக மற்றோர் ஆசிரியரை அமர்த்தியுள்ளோம். அவர் திரும்பச் சொன்னால் எங்களையும் சேர்த்து அனைவரும் திரும்ப வேண்டும்.

தோட்ட மேலாளருக்கு அனுமதி கேட்டுக் கடிதம் அனுப்பியுள்ளோம், பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் முழுவதும் தார்ச்சாலையிலேயே செல்வோம். எட்டுப் பெற்றோரில் ஏழு பேர் சம்மதித்துவிட்டார்கள். எட்டாவது மாணவருக்குச் சிறு வயதில் மூச்சிரைப்பு இருந்தது. அவருடைய தாயார் மறுக்கவில்லை. மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வரும் வியாழக்கிழமை காட்டுகிறார்கள்.