மாடியிலிருந்து இறங்கிய இயக்குநர்

கிரேம் ஹார்ப்பர் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பிரிட்டனில் ‘டாக்டர் ஹூ’ பித்துப் பிடித்தவர் யாரிடமாவது கேட்டால், லேசில் உங்களை விடமாட்டார். பிபிசி 1963-இல் தொடங்கிய அறிவியல் புனைவுத் தொடர் அது. 1989-இல் நின்றுபோய், 2005-இல் மறுபடி உயிர்பெற்றது. பழைய தொடர், புதிய தொடர் இரண்டிலும் கதைகளை இயக்கியவர் ஹார்ப்பர் ஒருவர்தான்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது படப்பிடிப்பில் அவர் நின்ற இடத்துக்காக. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். இயக்குநர் மாடியில் ‘கேலரி’ என்ற தனியறையில் மானிட்டர் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்து, அடுத்து எந்தக் கேமரா என்று உத்தரவு போட்டுக்கொண்டிருப்பார். நடிகரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், கீழே ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்பவர் வழியாகத்தான் அது போய்ச் சேரும். ராத்திரி பத்து மணியானால் விளக்கை அணைத்துவிடுவார்கள். காட்சி முடிந்ததா என்பதெல்லாம் கணக்கில்லை.

அதே தொடரில் உதவியாளராகக் கீழே ஓடியாடியவர் ஹார்ப்பர். 1984-இல் ஒளிபரப்பான ‘ஆண்ட்ரோசானி குகைகள்’ என்ற நான்கு பகுதிக் கதை கைக்கு வந்ததும், மேலே உட்காராமல் நடிகர்களோடு கீழேயே நின்றுவிட்டார். அந்த வேகம் திரையில் தெரிகிறது. குகைக்குள் உலவும் ராட்சதப் பிராணி, உள்ளே ஆள் இருப்பது அப்பட்டமாகத் தெரியும் ரப்பர் வேஷம்தான். ஆனாலும் கதையின் மூச்சுமுட்டல் குறைவதே இல்லை. மோர்கஸ் என்ற முதலாளியாக நடித்த ஜான் நார்மிங்டன், ஸ்கிரிப்டில் இருந்த குறிப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டு, கேமராவை நேராகப் பார்த்து வசனம் பேசிவிட்டார். இன்னொருவராயிருந்தால் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டிருப்பார். ஹார்ப்பருக்கு அது பிடித்துப்போயிற்று, அப்படியே வைத்துக்கொண்டார். ஒரு கம்பெனித் தலைவர் நம் வீட்டுக் கூடத்தைப் பார்த்துத் தன் கணக்கைச் சொல்வது இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. தொடரின் முதல் 200 கதைகளுக்கு 2009-இல் அதன் அதிகாரப்பூர்வப் பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் இதற்குத்தான்.

1984-க்கு மறு வருஷம் இன்னொரு கதை. பிறகு அந்தத் தொடரில் அவருக்கு வேலையில்லை. வேறு நாடகங்களை இயக்கிப் பிழைத்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, 2006-இல் மறுபடி அவர் கதை திரைக்கு வர. அதற்குள் தொழிலே மாறியிருந்தது. ஷாட் ஷாட்டாக எடுக்கும் முறையில் இயக்குநர் நடிகர் பக்கத்தில் நிற்பதுதான் வழக்கம். 1984-இல் விசித்திரமாகப் பட்டது இப்போது சாதாரணம்; அதைச் சொல்லிக்காட்ட ஆளில்லை.

அந்த இரண்டாவது இன்னிங்ஸில் எடுத்ததுதான் ‘செவ்வாயின் தண்ணீர்’ (2009). ஹூகோ விருதும் கிடைத்தது. வேல்ஸில் உள்ள தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தைச் செவ்வாய்க் கிரகத் தோட்டமாக்கியிருக்கிறார்கள். கிராஃபிக்ஸுக்கு இந்தத் தடவை பஞ்சமில்லை. ஆனாலும் அந்தக் கதையில் நான் பயந்தது, மனிதர்களின் வாயிலிருந்து நிற்காமல் வழியும் தண்ணீரைப் பார்த்துத்தான்.